சாம்பலைக் கொட்டியது யார்?

நாடகம் முடிந்தது. நாம் எதிர்பார்த்த கைதட்டல் எழவில்லை.

வடசென்னையில், கழிமுகத்தை ஒட்டிய குப்பம் ஒன்றின் திடல். இரவல் வாங்கிய இரண்டு மின்விளக்குகள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக முந்நூறு பேர் கூடியிருந்தனர். நீலச் சேலை உடுத்தி, நெற்றியிலே பொட்டிட்டு, தலையிலே அட்டைக் கிரீடம் சூடி, ‘நதித்தாய்’ நின்றாள். அவள் காலடியில் நெகிழிப் பைகளை மாலையாகக் கோத்தணிந்த ‘குப்பை அரக்கன்’ வீழ்ந்து கிடந்தான். “மக்களே! இனியேனும் என் மடியில் மாசினைக் கொட்டாதீர்! மாதா அழுகிறேன், மைந்தர் நீர் அறியீரோ!” என்று நாத்தழுதழுக்க நவின்றாள் நதித்தாய். கல்லூரியில் கற்ற தமிழை எல்லாம் கலந்து நாம் எழுதிய உரையாடல் அது. இரண்டு போர்வைகளைச் சேர்த்துத் தைத்த திரை விழுந்தது. அமைதி. அடுத்து, எவரேனும் பாராட்டிப் பேசுவர் என்று காத்திருந்தோம்.

மூதாட்டி ஒருவர் எழுந்தார். அறுபதைக் கடந்தவர். அந்தக் கழிமுகத்து நீரிலே இடுப்பளவு இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, நான்கு பிள்ளைகளை வளர்த்தவர்.

“வாத்தியாரே! பையைப் போட்டது நானு. ஒத்துக்கிறேன். சாம்பலைக் கொட்னது யாரு? அத்தச் சொல்லு!”

திடல் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. அவர் விட்டாரில்லை.

“ஆத்தைப் பாத்து அம்மாங்கறே. அம்மான்னா கும்புடுவாங்க, கும்புட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு அது அம்மா இல்ல வாத்தியாரே, சோத்துச் சட்டி. சட்டில மண்ணு உழுந்தா, எவன் போட்டான்னு கேக்கமாட்டியா?”

தோழர்களே! பட்டம் பெற்றவர் நாம். பாடம் கற்பித்தவர் அவர். பகுத்தறிவுப் படிப்பு வட்டம் நடத்துகிறோம், பாழும் மூடநம்பிக்கையைச் சாடுகிறோம், கல்லைக் கடவுளென்பது மடமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்படிப்பட்ட நாமே ஆற்றுக்குப் பொட்டிட்டு, கிரீடம் சூட்டி, கடவுளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினோம்! போதாக்குறைக்கு ஓர் அரக்கனையும் படைத்தோம். தேவி, அசுரன், வதம் – எந்தப் புராணத்தைப் புழுதியில் எறிய வேண்டுமென்று புறப்பட்டோமோ, அதே புராணத்தைப் புதுச் சட்டை போட்டு அழைத்து வந்தோம். கதையிலே குற்றவாளி யார்? குப்பத்து மக்கள். தண்டனை என்ன? வெட்கப்பட வேண்டும். தீர்வு என்ன? திருந்த வேண்டும். அடடா! எத்தனை எளிதான நாடகம்! ஆண்டான் பார்த்தாலும் கைதட்டுவான், அடிமைதான் கைதட்டவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. பகுத்தறிவு என்பது ‘இல்லை’ என்று சொல்வதோடு முடிந்துவிடுவதா? ‘ஏன்?’ என்று கேட்பதிலே அல்லவா அது தொடங்குகிறது! ஏன் என்று நாம் கேட்கவில்லை. கேட்டவர், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி.

*

மறுநாள் தொடங்கி, எழுதுவதை நிறுத்தினோம், கேட்கத் தொடங்கினோம். ஞாயிறுதோறும் வலை பின்னும் இடத்திலே போய் அமர்ந்தோம். முதல் இரண்டு கிழமைகள் நம்மை ஐயத்தோடுதான் பார்த்தனர். கணக்கெடுக்க வந்தவரோ, காலி செய்யச் சொல்ல வந்தவரோ என்று! மூன்றாம் கிழமை தேநீர் வந்தது. தேநீரோடு செய்தியும் வந்தது.

சென்னைக்கு மூன்று ஆறுகள். கூவத்தை அறியாதார் இல்லை – மூக்கு அறிவித்துவிடும். அடையாற்றை அறியாதார் இல்லை – 2015 திசம்பர் வெள்ளம் அறிவித்துவிட்டது. மூன்றாவது ஆறு கொசத்தலையாறு. அதன் பெயரை நகரத்தார் பலர் கேட்டதுகூட இல்லை. ஆனால், 1944இல் கட்டப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் அந்த ஆற்றின் மீதுதான் நிற்கிறது. நகரத்தின் தாகம் தணிக்க மேற்கே நீர் கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் சுமந்துகொண்டு கிழக்கே வந்து, எண்ணூரிலே கடலைச் சேர்கிறது அந்த ஆறு. ஆறும் கடலும் கலக்கும் அந்தக் கழிமுகத்திலே அலையாத்தி மரங்கள். மரங்களின் வேர்க்கால்களிலே இறால் குஞ்சும் மீன் குஞ்சும். பச்சை நண்டும் மடவையும் இறாலும் அந்தக் குப்பங்களுக்குச் சோறு போட்டன. படகு வாங்க வழியில்லாதவரும் வெறுங்கையோடு இறங்கி உலைக்கு வழி செய்துகொண்டு கரையேறலாம். மூதாட்டி சட்டி என்றாரே, அது உவமை அல்ல, கணக்கு.

அந்தச் சட்டியில்தான் சாம்பல் விழுந்தது. எப்படி விழுந்தது? இதையும் நாம் அறிந்தோமில்லை. அனல்மின் நிலையமொன்றிலே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மணலிலே குச்சியால் படம் போட்டு விளக்கினார்.

நம் நாட்டு நிலக்கரியிலே நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல். மூன்று மூட்டை கரி எரித்தால், ஏறத்தாழ ஒரு மூட்டை சாம்பல் எஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழம்பாக்கி, குழாய் வழியே தொலைவிலுள்ள சாம்பல் குட்டைக்குத் தள்ளுவார்கள். குழாய் பழையதானால் மூட்டு விடும். மூட்டு விட்டால் குழம்பு கொட்டும். குழாய்க்குக் கீழே ஆறு இருந்தால், ஆற்றிலே கொட்டும். கொட்டியது அடியிலே படியும். படிந்தால் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் கடல்நீர் உள்ளே வந்து போவது குறையும், இறால் குறையும், நண்டு குறையும். மழைக்காலத்திலோ, மேற்கேயிருந்து வரும் வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றித் திரும்பி நகரத்துக்குள் நுழையும்.

மந்திரமில்லை, மாயமில்லை, முன்வினையில்லை, தெய்வ குற்றமில்லை. ஒரு குழாய்; ஒரு மூட்டு; அதைப் பார்க்காத கண்கள். அவ்வளவுதான்.

இதை எழுதும்போது நம் தோழர்களில் சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது: “பிள்ளையார் சிலையை நீரில் கரைக்கிறார்களே, அதைச் சாடினால் என்ன? போகியன்று டயர் கொளுத்துகிறார்களே, அதைக் கண்டித்தால் என்ன?” சாடலாம், சாடத்தான் வேண்டும். 2018 போகியன்று புகை மூட்டத்தால் சென்னை வானூர்தி நிலையமே தடுமாறியதை நாடறியும். நமக்கும் முதலில் அந்த ஆசைதான் எழுந்தது. பழகிய எதிரி, பழகிய வசனம்! ஆனால் எண்ணிப் பார்த்தோம். பிள்ளையார் ஆண்டுக்கு ஒருமுறை கரைகிறார்; சாம்பல் நாள்தோறும் கரைகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் நடப்பதை மட்டும் அதட்டிவிட்டு, அன்றாடம் நடப்பதைக் கண்டும் காணாமல் போனால், அது பகுத்தறிவாகாது, பழக்கமாகும். பழக்கத்துக்கு அடிமையாவதைத்தானே நாம் பழிக்கிறோம்?

இன்னொன்றும் கண்டோம். மழை வேண்டி ஆடு வெட்டினால், ‘ஐயோ, அறியாமை!’ என்கிறோம். நகரம் ஒளிபெற ஒரு குப்பம் இருளட்டும் என்றால், ‘வளர்ச்சி’ என்கிறோம். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலிலே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளி கொண்டு அள்ளினார்கள் மனிதர்கள். 2023 திசம்பரிலே புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலையிலும் படகிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டிக்கொண்டது. அதே திங்களில், நள்ளிரவிலே அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் அதே கரை, அதே மக்கள். பலிபீடம் ஒன்று, பலியாடும் ஒன்று. பூசாரியின் உடை மட்டுமே மாறியிருக்கிறது.

*

கலையால் இதற்கென்ன செய்ய முடியும்? நம் இயக்கத்தின் வரலாறு அறிந்தோர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். அறிஞர் அண்ணா நாடகம் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் அரிதாரம் பூசி மேடையேறினார். நடிகவேள் எம். ஆர். இராதா மேடையிலே சிரிக்க வைத்துக்கொண்டே சிந்தையைக் குடைந்தார். கலைவாணர் என். எஸ். கிருட்டிணன், 1949இல் வந்த ‘நல்லதம்பி’யிலே கிந்தனார் கதை சொன்னார். நந்தனார் கதையைக் கேட்டுக் கேட்டு உருகிப் பழகியிருந்த செவிகளுக்கு, தில்லைக்குப் போக ஏங்காமல் பள்ளிக்குப் போக ஏங்குகின்ற ஒருவனின் கதையை, அதே காலட்சேப மெட்டிலே கொடுத்தார். பழைய குடம், புதிய நீர். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின், ‘ஏன் இத்தனை நாள் அவனைப் படிக்கவிடவில்லை?’ என்ற கேள்வி மிஞ்சியது. மிஞ்சிய கேள்விதான் கலையின் வெற்றி.

கலை வெறும் பொழுதுபோக்கென்றால் ஆள்வோர் அஞ்சுவானேன்? 1954இலே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னையிலே தனிச் சட்டமே இயற்றினார்கள். அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2013இல்! ஐம்பத்தொன்பது ஆண்டுகள் அந்த வாள் நாடகக்காரன் தலைமேல் தொங்கியது. வாள் தொங்கியதே நாடகத்தின் வலிமைக்குச் சான்று.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்திலே ஒரு விழாத் தொடங்கியது. அரங்குகளுக்குள் அடைபட்டுக் கிடந்த கருநாடக இசையும் பரதமும் மீனவர் குப்பத்து மணலுக்கு வந்தன. பறையும் கூத்தும் அதே மேடையில் சரிநிகராக நின்றன. 2017 சனவரியிலே ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. டி. எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி சொல்லெழுத, எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றிலும் சாம்பலிலும் நின்று படம் பிடித்தார்கள். சென்னைத் தெருவிலே பேசுகின்ற தமிழ், செவ்வியல் இசையிலே ஒலித்தது. 

அந்தப் பாடலைவிட, அதன் தலைப்பிலே இருந்த ஒரு சொல் நம்மை ஆட்டியது. புறம்போக்கு! வசைச் சொல்லாகத்தானே வழங்குகிறோம்? வகுப்பறையிலே மாணவன் ஒருவன் இன்னொருவனை அப்படித் திட்டியதற்காக நாமே தண்டித்திருக்கிறோம். ஆனால் அச்சொல்லின் உண்மைப் பொருள் என்ன? தனியொருவருக்குப் பட்டா இல்லாத, வரிக்கணக்குக்குப் புறமாகப் போன நிலம். ஏரி, குளம், ஆறு, கழிமுகம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு – ஊரார் அனைவர்க்கும் பொதுவானது. பொதுவுடைமை என்று ஏடெழுதிப் பேசுகிறோமே, அது நம் ஊரிலே நிலமாகவே கிடந்தது. அதன் பெயரை வசைமொழியாக்கிவிட்டோம். யாருக்கும் சொந்தமில்லாதது யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுவை இகழும் மனம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால், மொழியே அதற்குத் துணைபோகும்! அந்த ஒரு சொல்லை நிமிர்த்தி நிறுத்தியது ஒரு பாட்டு. 

எச்சரிக்கையும் உண்டு. கண்ணகி நகரிலே 2020இல் கட்டடச் சுவர்களெங்கும் பேரோவியங்கள் தீட்டப்பெற்றன. கண்ணுக்கு இனியவைதாம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வாழ்வோர் யார்? நகரத்து நீர்நிலைக் கரைகளிலிருந்து ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று அகற்றப்பட்டு, நகரத்தின் விளிம்பிலே குடியேற்றப்பட்ட ஏழைகள் பலர். அதே நகரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பிலே குப்பைமேடு எழுந்தது; சுற்றிலும் சாலையும் மாளிகையும் எழுந்தன. 2022இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் கரைந்துபோன சதுப்பு அதைவிடப் பன்மடங்கு. குடிசையை ஆக்கிரமிப்பு என்றது எந்த அளவுகோல்? மாளிகையை அது அளந்ததா? சுவரிலே சித்திரம் தீட்டுங்கள், வேண்டாமென்பாரில்லை. அந்தக் கேள்வியைச் சித்திரத்தால் மூடிவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

*

கேட்டோம், அறிந்தோம், எழுதத் தொடங்கினோம். அப்போதுதான் இரண்டு தடைகள் வந்தன.

முதல் தடை மேலேயிருந்து. நம்மை அழைத்து அமரச் செய்து, அன்பாகவே சொன்னார் ஒருவர்: “நீங்கள் இளைஞர். நல்ல பெயர் எடுக்க வேண்டியவர். சுற்றுச்சூழல் என்றால் மரம் நடலாம், கோலப் போட்டி வைக்கலாம், ‘நெகிழி ஒழிப்போம்’ என்று ஊர்வலம் போகலாம். குழாய், சாம்பல் என்பதெல்லாம் அரசியல்.” பையைப் பற்றிப் பேசினால் அறம், குழாயைப் பற்றிப் பேசினால் அரசியல்! ஏழையின் கையைச் சுட்டினால் விழிப்புணர்ச்சி; வலியவனின் கையைச் சுட்டினால் வம்பு! நாம் மறுத்துப் பேசவில்லை, பணிந்தும் போகவில்லை. வீட்டிலே நம் ஊதியத்தை நம்பித் தாயும் தங்கையும் இருக்கின்றனர். அச்சம் இல்லை என்றால் அது பொய். ஒன்று மட்டும் முடிவு செய்தோம். பள்ளியின் பெயரை இழுப்பதில்லை. படிக்கும் பிள்ளைகளை மேடையேற்றுவதில்லை. ஆபத்து வந்தால் அது வளர்ந்தவர் தலைமேல் வரட்டும். படித்து முடித்துப் பணிக்குச் சென்றுவிட்ட பழைய மாணவர் நால்வரும், குப்பத்து மக்களும், நாமும் நடிப்பதென்று முடிவாயிற்று.

இரண்டாவது தடை கீழேயிருந்து. அதுதான் நம்மை உலுக்கியது. நம் மாணவன் ஒருவனின் தந்தை, மின்நிலையமொன்றிலே ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் மாலை வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“சார், ஆலையை மூடச் சொல்லித்தான் நாடகமா?”

“இல்லை, ஐயா. சாம்பல்…”

“சாம்பலுன்னு ஆரமிச்சா அங்கதான் போயி முடியும். எங்கப்பாரு வலை போட்டாரு. எனக்கு வலை போட ஆறு இல்ல. அதனாலதான் அங்க போனேன். இப்ப அதுவும் வாணாம்னா, என் புள்ள உங்க பள்ளிக்கொடத்துக்கு எத்த தின்னுட்டு வரும்?”

என்ன சொல்வது? அவர் சொன்னதிலே பொய்யில்லை. ஆற்றை இழந்தவனுக்கு ஆலை கூலி கொடுக்கிறது. கூலி கொடுப்பதாலேயே ஆற்றைப் பற்றி அவன் வாய்திறக்க முடியவில்லை. இழந்தவனைக் கொண்டே இழப்பை நியாயப்படுத்தும் ஏற்பாடு! வலை பின்னுவோரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் இருக்கின்றனர். அண்ணன் வலை, தம்பி ஆலை. நம் நாடகம் அண்ணனையும் தம்பியையும் பிரிக்குமானால், அது யாருக்கு உதவும்?

அவரையே கேட்டோம்: “சாம்பல் ஆற்றில் விழாமல் இருக்க வழி உண்டா?” அவர் நகைத்தார். “ஏன் இல்ல? பழைய பைப்பை மாத்தணும். காஞ்ச சாம்பலா எடுத்தா செங்கல்லுக்குப் போவும், சிமென்ட்டுக்குப் போவும். எங்களுக்குத் தெரியாதா?” 

தேடிப் படித்தோம். அவர் சொன்னது சரி. அனல்மின் நிலையச் சாம்பலைப் பயனுக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஒன்றிய அரசு 1999இலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. 2021 திசம்பர் 31இல் வந்த புதிய அறிவிக்கை, சாம்பல் முழுவதையும், நூற்றுக்கு நூறு, பயன்படுத்த வேண்டும் என்கிறது. தவறினால் தண்டத்தொகை உண்டு என்கிறது. ஆக, ஆலையா ஆறா என்பதல்ல கேள்வி. எழுதிய சட்டம் ஏட்டிலா, ஆற்றங்கரையிலா என்பதே கேள்வி. அந்தத் தொழிலாளி அன்றே நம் நாடகத்தின் ஆசிரியர்களில் ஒருவரானார். பெயர் மட்டும் வேண்டாமென்றார். மதித்தோம்.

*

இரண்டாவது நாடகத்துக்குப் பெயர் ‘அடிக்கோல்’. கிரீடமில்லை, அரக்கனில்லை, திரையில்லை. மக்கள் வட்டமாக அமர, நடுவே இடம். அனுமதி கேட்டபோது எழுத்துப்படி கேட்டனர், கொடுத்தோம். ஒளிக்க என்ன இருக்கிறது? படித்தவருக்கேனும் உறைக்கட்டும் என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டு பேர் நீலத் துணியைப் பிடித்து ஆறாக்கினார்கள். வலைக்காரப் பெரியவர் ஒருவர் – நடிகரல்லர், மெய்யாகவே வலைக்காரர் – அடிக்கோலோடு இறங்கினார். கோல் அவர் தோளளவு தாழ்ந்தது. பறை ஒருமுறை அதிர்ந்தது. ‘ஓராண்டு’ என்றது குரல். சாம்பல் நிறத் துணி ஒன்று அடியிலே விரிந்தது. மீண்டும் பறை, மீண்டும் ஆண்டு, மீண்டும் துணி. துணி மேல் துணியாக ஏற ஏற, கோல் மேலெழுந்தது. தோள், மார்பு, இடுப்பு, முழங்கால்! கடைசியில் பெரியவர் நீலத் துணியின்மேல் நின்றார், கணுக்கால்கூட நனையவில்லை. வாய்ச்சொல் ஒன்றில்லை அந்தக் காட்சியில். திடலிலே குழந்தைகூட அழவில்லை.

அடுத்து நகைச்சுவை. கலைவாணரிடம் கடன் வாங்கிய துணிவு! சாம்பல் நிறைந்த சட்டி ஒன்று. “இது யாருடையது?” என்று கேட்டுக்கொண்டு போகிறான் ஒருவன். மேலதிகாரி “ஒப்பந்தக்காரரைக் கேள்” என்கிறார். ஒப்பந்தக்காரர் “குழாய் வாங்கியவரைக் கேள்” என்கிறார். அவர் “கோப்பு மேலே போயிருக்கிறது” என்கிறார். மேலே போனால் “கீழே வந்துவிட்டது” என்கிறார்கள். சட்டி கைமாறிக் கைமாறி, கானாப் பாட்டோடு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியிலே யார் கையில் நின்றது தெரியுமா? அந்த மூதாட்டியின் கையில். ஆம், அவரையே நடிக்க அழைத்திருந்தோம். எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் பேசவில்லை. சட்டியைத் திடலின் நடுவே வைத்தார். இடுப்பிலே கைவைத்து மக்களைப் பார்த்தார்.

“இத்த எந்த ஆபீசுல கொண்டுபோயி வெக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

நாடகம் அங்கே நின்றது; கூட்டம் தொடங்கியது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வலைக்காரரும் பேசினார், ஒப்பந்தத் தொழிலாளியும் பேசினார். ஒருவரையொருவர் சாடிக்கொள்ளவில்லை. ஒரே சட்டியைப் பார்த்துப் பேசினார்கள். இரவு பதினொரு மணிக்கு மனு எழுதி முடித்தோம். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமும் கைநாட்டும் இட்டனர்.

மனுவோடு வைக்கச் சான்று வேண்டுமே! ‘அடிக்கோல்’ மேடையை விட்டு ஆற்றுக்குப் போயிற்று. பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, அமாவாசைதோறும் நீர் வற்றும் வேளையிலே ஆழம் அளக்கிறார்கள். அமாவாசை ஏன்? முன்னோர்க்குப் பிண்டம் வைக்க அல்ல. கதிரவனும் திங்களும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால், கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் அந்நாட்களிலே மிகுதி. வலைக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த உண்மை அது. அறிவியல் நூலிலும் உள்ள உண்மை. அமாவாசையை அச்சத்திலிருந்து மீட்டு அளவுக்குப் பயன்படுத்துகிறோம். அளவைக் குறிப்பேட்டில் எழுதுவோர் நம் மாணவர்கள். மேடைதான் அவர்களுக்கு வேண்டாமென்றோம். அளப்பதும் எழுதுவதும் பாடம்தானே! எந்த மேலிடமும் அதை அரசியல் என்று சொல்லமுடியாது, அது கணக்கு.

பலன் என்ன? கேட்பீர்கள். மனுவைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டுத் தந்தார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு மறுமொழி வந்தது. ஆறு ஆழமாகிவிடவில்லை, இறால் திரும்பிவிடவில்லை. ஒரு நாடகத்தால் ஆறு மீண்டது என்று எழுதினால், மீண்டும் புராணம் எழுதியவர்களாவோம். நடந்தது இவ்வளவே: முன்பு, ஆறு கெட்டதற்கு ‘காலம் கெட்டுப்போச்சு’ என்றார்கள், இப்போது, எந்த இடத்தில் எத்தனை அடி குறைந்தது என்று சொல்கிறார்கள். ‘காலம்’ என்பவனிடம் மனு கொடுக்க முடியாது; அளவு கொண்டு கேட்டால், ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். விதி என்றிருந்தது வினா ஆகியிருக்கிறது. விடை வரும்வரை கேட்பது நம் வேலை.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும், ஓடை இருக்கும், புகைபோக்கி இருக்கும். உங்கள் கையிலும் பறையோ பாட்டோ தூரிகையோ இருக்கும். எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் போனவுடன் பாடாதீர்கள். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். இயற்கையைத் தெய்வமாக்காதீர்கள், ஏழையை அரக்கனாக்காதீர்கள். கண்ணீர் வரவழைப்பது எளிது. கணக்குக் கேட்க வைப்பது கடினம். கடினமானதைச் செய்யுங்கள்.

சென்ற அமாவாசையன்று, ஆழம் அளந்து முடித்துக் கரையேறியபோது, மூதாட்டி நம்மைப் பார்த்துக் கேட்டார்: “அடுத்த நாடகம் எப்ப வாத்தியாரே?”

“மனுவுக்குப் பதில் வரட்டும், அம்மா.”

“வராட்டி?”

“அந்தச் சட்டியையே தூக்கிக்கொண்டு போவோம்.”

“சட்டி என் வூட்ல பத்திரமா இருக்குது” என்றார் அவர்.